லேப்டாப்பில் வைஃபை எட்டவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

"ஹால்ல நல்லா ஓடுது, பெட்ரூமுக்குப் போனா சுத்திக்கிட்டே இருக்கு" என்று லேப்டாப்பைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் நிறையப் பேர். அவர்களில் பலர் வருவதற்கு முன்பே சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் ஒன்றை வாங்கி மாட்டிப் பார்த்திருப்பார்கள். கோளாறு ரௌட்டர் பக்கமா, நடுவில் நிற்கும் சுவரிலா, லேப்டாப்புக்குள்ளேயா என்று தெரிவதற்கு முன்பே செலவழித்த காசு அது. இந்த மூன்றையும் பிரித்துவிட்டால் பாதி வீடுகளில் செலவே இருக்காது.

விண்டோஸ் 10 அல்லது 11 ஓடும் லேப்டாப், ஃபைபர் இணைப்புக்காரர் வீட்டில் மாட்டிவிட்டுப் போன ரௌட்டர், இந்த இரண்டையும் மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு அறிகுறிக்கும் காரணங்கள் எளிதானதில் தொடங்கிச் செலவு பிடிப்பதில் முடியும். ஒன்றில் சரியாகிவிட்டால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

## எதையும் தொடுவதற்கு முன்: கோளாறு யார் பக்கம்?

லேப்டாப் திணறும் அதே மேஜையில், அதே வைஃபை பெயரில் உங்கள் போனை இணையுங்கள். பெயர் ஒன்றாக இருக்க வேண்டியது முக்கியம். பல ரௌட்டர்கள் இரண்டு பெயர் காட்டும். ஒன்றின் வாலில் 5ஜி என்று இருக்கும். அதற்கும் மொபைல் 5ஜிக்கும் சம்பந்தமில்லை. அது 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை, மற்றது 2.4. போன் ஒன்றிலும் லேப்டாப் இன்னொன்றிலும் இருந்தால் ஒப்பிட்டுப் பயனில்லை.

சிக்னல் கோடுகளை நம்ப வேண்டாம். ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்குக் கோடு போடுகிறது. ஆண்ட்ராய்டு போனில் வைஃபை அனலைசர் வகைச் செயலி ஒன்றைப் போட்டால் சிக்னலை டிபிஎம் கணக்கில் எண்ணாகக் காட்டும். எண் மைனஸில் இருக்கும். மைனஸ் 50 என்றால் அருமை. மைனஸ் 67 வரை வீடியோ கால் நிம்மதியாக ஓடும். மைனஸ் 75க்குக் கீழே போனால் திணறும், 80க்குக் கீழே இணைப்பு இருந்தும் இல்லாத மாதிரிதான். எண் 3 குறைந்தால் சக்தி பாதியாகிறது, 10 குறைந்தால் பத்தில் ஒரு பங்காகிறது. அதனால் ரௌட்டரை நகர்த்தி 6 புள்ளி ஏறினாலே அது பெரிய முன்னேற்றம்.

இன்னொரு சோதனை இருக்கிறது. நான் அதிகம் நம்புவது இதைத்தான். போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள், வைஃபை மட்டும் இருக்கட்டும். சார்ஜர் கேபிளால் போனை லேப்டாப்போடு இணைத்து, போனில் யூஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்யுங்கள். லேப்டாப்பின் வைஃபையை அணையுங்கள். இப்போது ஆண்ட்ராய்டு போன் தனக்கு வரும் வைஃபையைக் கேபிள் வழியாக லேப்டாப்புக்குக் கொடுக்கும். அதே மேஜையில் வேகம் நன்றாக வந்தால், கோளாறு லேப்டாப்பின் வைஃபை கார்டு, ஆன்டெனா, டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) இந்த மூன்றில் ஒன்றில். அப்போதும் சுற்றினால் லேப்டாப்பைக் குறை சொல்ல முடியாது. ஆன்லைன் தேர்வோ இன்டர்வியூவோ நாளை காலையில் என்றால், இந்தக் கேபிளே அவசரத்துக்குப் போதும்.

போனும் திணறுகிறது என்றால் அடுத்த தலைப்பு. போன் நன்றாக இருந்து லேப்டாப் மட்டும் திணறினால் அதற்கு அடுத்த தலைப்புக்குப் போய்விடுங்கள்.

## அறிகுறி: அந்த ஓர் அறையில் போன், லேப்டாப் இரண்டுமே திணறுகின்றன

### ரௌட்டர் இருக்கும் இடம்

ஃபைபர் போட வருகிறவர் கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்திலேயே பெட்டியை மாட்டிவிட்டுப் போவார். வாசல் கதவுக்கு மேலே, டிவிக்குப் பின்னால், இல்லையென்றால் லாஃப்ட்டில். லாஃப்ட் என்றால் கீழே கம்பி கட்டிய கான்கிரீட் பலகை, சுற்றிலும் எவர்சில்வர் அண்டா, குண்டான், பித்தளைக் குத்துவிளக்கு. வைஃபை அலையை இரும்பும் எவர்சில்வரும் திருப்பி அனுப்பும், தண்ணீர் உறிஞ்சிக்கொள்ளும். கண்ணாடி வைத்த ஸ்டீல் பீரோ, ஃபிரிட்ஜ், மீன்தொட்டி, நிரம்பிய சின்டெக்ஸ் டேங்க் எல்லாம் இந்தக் கணக்கில் வரும்.

ரௌட்டருக்கும் உங்கள் மேஜைக்கும் நடுவே மனதில் ஒரு நேர்கோடு போடுங்கள். எத்தனை சுவர் குறுக்கே வருகிறது, எத்தனை இரும்புச் சாமான் வருகிறது என்று எண்ணுங்கள். கோடு சுவரைச் சாய்வாகக் கடந்தால் ஒன்பது அங்குலச் சுவரும் ஒன்றரை அடிச் சுவர் மாதிரி ஆகிவிடும். பெரும்பாலும் பீரோதான் மாட்டும். பீரோவை நகர்த்துவதைவிட மேஜையை மூன்று அடி தள்ளிப்போடுவது சுலபம்.

சோதிக்க: மின்சார எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்றைப் போட்டு, கேபிள் எட்டும்வரை ரௌட்டரை வெளியே இழுத்து, ஒரு ஸ்டூல் மேல் திறந்த இடத்தில் வையுங்கள். மேஜையில் டிபிஎம் எண்ணை முன்பும் பின்பும் குறித்துக்கொள்ளுங்கள். எண் நன்றாக ஏறினால் இடம்தான் காரணம். அப்புறம் ஆணி அடிக்கலாம். ஃபைபர் கேபிளை மட்டும் மடக்கி இழுக்காதீர்கள். உள்ளே இருப்பது கண்ணாடி இழை. கூர்மையாக மடிந்தால் ஒளி கசிந்து இணைப்பே போய்விடும். ஆறேழு அடிக்கு மேல் நகர்த்த வேண்டுமென்றால் இணைப்புக்காரரைக் கூப்பிட்டு நீளமான கேபிள் கேளுங்கள்.

தூசி படாமல் இருக்க ரௌட்டர் மேல் துணி போட்டு மூடுகிறவர்கள் அதை எடுத்துவிடுங்கள். துணி சிக்னலைத் தடுக்காது, சூடு தேங்கும். சூடேறிய ரௌட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆகும்.

### ரௌட்டரின் கொம்புகள்

வெளியே நீட்டியிருக்கும் ஆன்டெனா தன் நுனியை நோக்கி அலையை அனுப்புவதில்லை. பக்கவாட்டில், சுற்றிவரத்தான் அனுப்பும். ஒரே தளத்தில் வீடு என்றால் எல்லாம் நேராக நிற்கட்டும். மாடிக்கும் வேண்டுமென்றால் ஒன்றை மட்டும் படுக்கவையுங்கள். பின்னால் அலுமினியத் தாள் ஒட்டச் சொல்லும் வைத்தியம் ஓரளவு வேலை செய்யும், ஆனால் ஒரு பக்கம் கூடுவது இன்னொரு பக்கத்திலிருந்து பிடுங்கியது. ரௌட்டர் தெருப்பக்கச் சுவரில் இருந்தால் மட்டும் முயலலாம்.

### அலைவரிசை

5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். ஒரு செங்கல் சுவரோடு அதன் ஆட்டம் பெரும்பாலும் முடியும். 2.4 மெதுவானது, ஆனால் இரண்டு சுவர் தாண்டியும் நிற்கும். கோடி அறையில் 2.4 பெயரைத் தேர்ந்து பாருங்கள். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் ரௌட்டரே முடிவெடுக்கும், பல நேரம் தப்பாக எடுக்கும். ரௌட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் முகவரியும் கடவுச்சொல்லும் இருக்கும். முகவரி பெரும்பாலும் 192.168.1.1 போல இருக்கும். அதை பிரவுசரில் அடித்து உள்ளே போய், இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வையுங்கள்.

### அக்கம்பக்கத்து ரௌட்டர்கள்

அபார்ட்மென்ட் என்றால் இதைக் கட்டாயம் பாருங்கள். 2.4இல் இந்தியாவில் 13 சேனல்கள் உண்டு, ஆனால் ஒன்றோடொன்று உரசாமல் நிற்பவை 1, 6, 11 மட்டும்தான். போன் செயலி எந்தச் சேனலில் எத்தனை ரௌட்டர் என்று காட்டும். இந்த மூன்றில் கூட்டம் குறைந்ததைத் தேர்ந்து, ரௌட்டரில் ஆட்டோவை எடுத்துவிட்டு அதையே நிரந்தரமாக வையுங்கள். காலியாகத் தெரிகிறதே என்று 3, 4, 8 எல்லாம் வைக்க வேண்டாம். இரண்டு பக்கத்து இரைச்சலும் சேர்ந்து வரும். சேனல் அகலம் 40 என்று இருந்தால் 20 ஆக்குங்கள். காகிதத்தில் வேகம் குறையும், தூரத்தில் நிலைத்து நிற்கும்.

### இதெல்லாம் செய்தும் போதவில்லை என்றால்

இனிதான் செலவு. நான் சொல்லும் வரிசை கடைக்காரர் சொல்லும் வரிசைக்கு நேர் எதிர்: முதலில் லேன் கேபிள் (ரௌட்டரில் செருகும் நெட் கேபிள்), அப்புறம் மெஷ் (தங்களுக்குள் பேசி ஒரே பெயரில் வீடு முழுக்க வைஃபை கொடுக்கும் பெட்டிகள்), கடைசியில் ரிப்பீட்டர்.

வீட்டில் பழைய ரௌட்டர் ஒன்று தூங்கிக்கொண்டிருந்தால் ஒரு லேன் கேபிள் விலையில் காரியம் முடியும். பழைய ரௌட்டரைக் கேபிளால் லேப்டாப்போடு இணைத்து அதன் அமைப்புகளுக்குள் போங்கள். அதன் முகவரியை முதல் ரௌட்டரோடு மோதாதபடி மாற்றுங்கள். முதலாவது 192.168.1.1 என்றால் இது 192.168.1.2 ஆகட்டும்; முதல் ரௌட்டர் மற்ற கருவிகளுக்குப் பங்கிடும் முகவரிப் பட்டியலில் இந்த எண் இல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்து டிஹெச்சிபி என்ற வசதியை அணையுங்கள். இதை மறந்தால் இரண்டு ரௌட்டரும் போட்டி போட்டு முகவரி கொடுத்து வீட்டில் யாருக்கும் நெட் வராது. வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் முதல் ரௌட்டருடையதே இருக்கட்டும், சேனல் மட்டும் வேறாக இருக்கட்டும். கடைசியாகக் கேபிளின் ஒரு முனையை முதல் ரௌட்டரின் லேன் துளையிலும், மறுமுனையை இரண்டாவதன் லேன் துளையிலும் செருகுங்கள். வான் என்று எழுதிய, பெரும்பாலும் வேறு நிறத்தில் இருக்கும் துளையைத் தொட வேண்டாம். இப்போது கோடி அறையில் அந்தப் பழைய ரௌட்டரால் முடிந்த முழு வேகமும் கிடைக்கும், பாதியாகாது.

கேபிள் வாங்கும்போது கேட்-6, முழுச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம் பூசியதும் அதே நிறத்தில், அதே உறையில் கிடைக்கிறது. நகத்தால் சுரண்டினால் உள்ளே வெள்ளை தெரியும். 100 மீட்டர்வரை ஒரே துண்டாக இழுக்கலாம். எந்த வீட்டுக்கும் அது போதும்.

கேபிள் இழுக்கவே வழியில்லை, சுவரைத் துளைக்க வீட்டு ஓனர் விடமாட்டார் என்றால் மெஷ். கூடுதலாக மூன்றாவது அலைவரிசை உள்ள மாடல் என்றால் நல்லது, பெட்டிகள் தங்களுக்குள் பேசத் தனி வழி இருக்கும். மின்சார ஒயரிங் வழியாகவே நெட்டை அனுப்பும் பவர்லைன் கருவியும் உண்டு. ஆனால் மூன்று பேஸ் இணைப்புள்ள வீட்டில் இரண்டு அறையும் வேறு வேறு பேஸில் இருந்தால் அது சரியாகப் பேசாது. அதனால் திருப்பித் தர முடிகிற கடையில் மட்டும் வாங்குங்கள்.

ஆளைக் கூப்பிட வேண்டிய கட்டம்: சுவருக்குள் போகும் பைப்பில் லேன் கேபிள் இழுக்க வேண்டுமென்றால் எலக்ட்ரீஷியன். கரன்ட் ஒயர் போகும் அதே பைப்பில் லேனையும் சேர்த்து இழுக்கவிடாதீர்கள், அது ஆபத்து. "பைப்ல இடம் இருக்கு சார், இழுத்துடலாம்" என்பார், ஒத்துக்கொள்ளாதீர்கள்.

## அறிகுறி: போனில் நன்றாக வருகிறது, லேப்டாப்பில் மட்டும் இல்லை

### எந்த அலைவரிசையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது?

செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், வைஃபை என்று போய், இணைந்திருக்கும் பெயரின் ப்ராப்பர்ட்டீஸைத் திறங்கள். கடைசியில் நெட்வொர்க் பேண்ட், சேனல் எல்லாம் இருக்கும். லிங்க் ஸ்பீடும் அங்கேயே காட்டலாம். லேப்டாப் ஹாலில் 5இல் இணைந்து, அறைக்கு வந்த பிறகும் அதையே விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டிருக்கும். வைஃபையை ஒருமுறை அணைத்து ஆன் செய்து, 2.4 பெயரைத் தேர்ந்து பாருங்கள்.

அடிக்கடி இப்படி ஆனால் டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டர்ஸ், அதில் உங்கள் வைஃபை கார்டு, ப்ராப்பர்ட்டீஸ், அட்வான்ஸ்டு. அங்கே ப்ரிஃபர்டு பேண்ட், ரோமிங் அக்ரெசிவ்னெஸ் என்று இருக்கலாம்; கார்டுக்குக் கார்டு பெயர் மாறும். வீட்டில் இரண்டு ரௌட்டர் இருந்தால் ரோமிங்கை (ஒரு ரௌட்டரை விட்டு இன்னொன்றுக்குத் தாவும் ஆர்வம்) ஒரு படி கூட்டுங்கள், ஒன்றுதான் என்றால் குறைத்துவையுங்கள். டிரான்ஸ்மிட் பவர் என்று இருந்தால் ஹையஸ்ட்.

### மின்சாரச் சிக்கனம்

சார்ஜர் போட்டால் நன்றாக ஓடுகிறது, பிடுங்கினால் மந்தமாகிறது என்றால் காரணம் இதுதான், வேறு எங்கும் தேட வேண்டாம். அதே ப்ராப்பர்ட்டீஸில் பவர் மேனேஜ்மென்ட் என்ற பகுதியில், மின்சாரத்தைச் சேமிக்க இந்தக் கருவியைக் கணினி அணைக்கலாம் என்ற டிக்கை எடுங்கள். கன்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில் வயர்லெஸ் அடாப்டர் அமைப்பு தெரிந்தால், பேட்டரியிலும் மேக்ஸிமம் பெர்ஃபார்மன்ஸ் வையுங்கள். சில புது லேப்டாப்களில் இந்தப் பகுதிகளே இருக்காது. அப்போது பேட்டரி சேவர் ஆனில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

### டிரைவர்

விண்டோஸ் அப்டேட் வந்த மறுநாளிலிருந்து கோளாறு என்றால் டிவைஸ் மேனேஜரில் ரோல் பேக் டிரைவர். அந்தப் பொத்தான் மங்கலாக இருந்தால் லேப்டாப் கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடல் எண்ணைப் போட்டு வைஃபை டிரைவரை இறக்குங்கள். டிரைவர் அப்டேட்டர் என்று விளம்பரம் செய்யும் மென்பொருள்கள் பக்கம் போகாதீர்கள். அவை கொண்டுவரும் தொல்லையைத் துடைப்பது தனி வேலை. நெட்வொர்க் ரீசெட் கடைசி ஆயுதம். அது சேமித்த வைஃபை கடவுச்சொற்களையெல்லாம் அழித்துவிடும், முன்பே எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

### பக்கத்தில் செருகியிருக்கும் யூஎஸ்பி

யூஎஸ்பி 3 கருவிகள் 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் கிளப்பும் என்று இன்டெல் 2012இலேயே ஓர் அறிக்கை வெளியிட்டது. வெளி ஹார்டுடிஸ்க், டைப்-சி ஹப் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு ஒரு வேகச் சோதனை செய்யுங்கள். வித்தியாசம் தெரிந்தால் ஹப்பை மறுபக்கத் துளைக்கு மாற்றுங்கள், இல்லை ஒரு எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டு ஓரடி தள்ளிவையுங்கள்.

### மூடியும் ஆன்டெனாவும்

பெரும்பாலான லேப்டாப்களில் வைஃபை ஆன்டெனா திரையைச் சுற்றியுள்ள சட்டத்துக்குள் இருக்கும். அங்கிருந்து இரண்டு மெல்லிய ஒயர்கள் கீல் வழியாக இறங்கி அடிப்பலகையில் உள்ள கார்டுக்கு வரும். பெரிய மானிட்டர் மாட்டி, லேப்டாப் மூடியைச் சாத்திவிட்டு, இரும்பு அலமாரிக்குள் தள்ளி வேலை செய்கிறீர்களா? திறந்துவைத்துப் பாருங்கள்.

ரௌட்டர் இருக்கும் அறையில் ஓடி, வாசற்படி தாண்டியதும் சுத்தமாகச் செத்துவிடுகிறது என்றால், ஆன்டெனா ஒயர் கழன்றிருக்கிறது என்றே நான் முதலில் நினைப்பேன். எஸ்எஸ்டி மாற்றியது, கீல் உடைந்து ஒட்டியது, திரை மாற்றியது என்று லேப்டாப்பைத் திறந்து மூடிய வேலை ஏதாவது சமீபத்தில் நடந்ததா என்று யோசியுங்கள். நடந்திருந்தால் சந்தேகம் இரட்டிப்பு. இன்னொரு அடையாளம்: மூடியை மெதுவாக முன்னும் பின்னும் சாய்க்கும்போது சிக்னல் ஏறி இறங்கினால், கீலில் ஒயர் நசுங்கி உள்ளே அறுந்திருக்கிறது.

திறக்கத் தெரிந்தவர்கள் மட்டும்: பவர் ஆஃப், சார்ஜரைப் பிடுங்கி, பின்மூடியைக் கழற்றியதும் முதலில் பேட்டரி கனெக்டரை எடுத்துவிடுங்கள். வைஃபை கார்டு கட்டைவிரல் அளவுதான் இருக்கும், ஒரு திருகு பிடித்திருக்கும். அதன் ஓரத்தில் மிளகைவிடச் சின்னதாக இரண்டு பொன்னிற வட்டங்கள். அவற்றின் மேல் ஒரு கறுப்பு ஒயரும் ஒரு வெள்ளை அல்லது சாம்பல் ஒயரும் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒன்று கழன்று பக்கத்தில் கிடந்தால், நேர் மேலே வைத்து விரல் நுனியால் செங்குத்தாக அழுத்துங்கள். சரியாக உட்காரும்போது சின்னதாக ஒரு சொடுக்கு விரலுக்குத் தெரியும். தெரியாவிட்டால் கோணலாக இருக்கிறது. மேலும் அழுத்தினால் உள்ளே இருக்கும் ஊசி மடங்கும். இந்த வகை கனெக்டர்கள் சுமார் 30 முறை கழற்றி மாட்டத்தான் தயாரிக்கப்படுகின்றன, சும்மா சும்மா எடுத்துப் பார்க்க வேண்டாம்.

சில பட்ஜெட் லேப்டாப்களில் கம்பெனியே ஓர் ஒயர் மட்டும்தான் கொடுத்திருக்கும். லினக்ஸ் போட்டதும் சிக்னல் படுத்துவிட்டது என்பவர்களில் சிலருக்கு இதுதான் விஷயம். கார்டில் இரண்டு துளை, ஒயர் ஒன்று. டிரைவர் காலியான துளையில் காது வைத்துக்கொண்டிருக்கும். ஆன்டெனாவைத் தேர்வு செய்யும் டிரைவர் அமைப்பை மாற்றினாலே சரியாகிவிடும்.

### கார்டையே மாற்றுவதா, வெளியே மாட்டுவதா?

திறக்க விருப்பமில்லாதவர்களுக்கு வெளி ஆன்டெனா உள்ள யூஎஸ்பி வைஃபை அடாப்டர். இரண்டு அலைவரிசையும் பிடிப்பதாக வாங்குங்கள். நகம் அளவில் வரும் குட்டி அடாப்டரில் ஆன்டெனாவும் நகம் அளவுதான், தூரத்துக்கு அது உதவாது. அடாப்டரை நேராக லேப்டாப்பில் செருகாமல் ஒரு மீட்டர் எக்ஸ்டென்ஷன் கேபிளில் மாட்டி, மேஜை மேல் உயரமாக, பீரோவின் நிழல் படாத பக்கம் வையுங்கள். கேபிள் செலவு அற்பம், அதில் கிடைக்கும் லாபம் சில நேரம் அடாப்டரே தருவதற்குச் சமம்.

உள்ளே இருக்கும் கார்டு எம்.2 வகை என்றால் மாற்றலாம். இன்டெல் ஏஎக்ஸ் 210 பெரும்பாலான இன்டெல், ஏஎம்டி லேப்டாப்களில் ஓடும். ஏஎக்ஸ் 201, 211 வாங்கிவிடாதீர்கள். பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் அவை பொருத்தமான இன்டெல் பிராசசரோடு மட்டும்தான் பேசும். மதர்போர்டிலேயே கார்டைப் பற்றவைத்த மாடல்களும், தன் கம்பெனி அங்கீகரித்த கார்டைத் தவிர வேறு எதையும் ஏற்காத பழைய மாடல்களும் உண்டு. வாங்குவதற்கு முன் மாடல் எண்ணைச் சொல்லி விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஆளைக் கூப்பிட வேண்டிய கட்டம்: கீலில் ஒயர் நசுங்கியிருந்தால் திரையைப் பிரித்துத்தான் மாற்ற வேண்டும், அதை வீட்டில் முயலாதீர்கள். வாரண்டி இருந்தால் மூடியையே திறக்காமல் சர்வீஸ் சென்டர்.

## அறிகுறி: கோடு முழுசாக இருக்கிறது, நெட் ஓடவில்லை

முதலில் ரௌட்டரின் விளக்குகள். எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக எரிந்தாலோ சிமிட்டினாலோ ஃபைபரில் ஒளி வரவில்லை. நீங்கள் செய்ய ஒன்றுமில்லை, இணைப்புக்காரருக்குப் போன் போடுங்கள்.

விளக்கு சரியாக இருந்தால் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, ஆங்கில எழுத்தில் பிங் என்று அடித்து, இடைவெளி விட்டு ரௌட்டர் முகவரியைக் கொடுங்கள். இன்னோர் இடைவெளி, கழித்தல் குறி, டி சேர்த்தால் நிற்காமல் ஓடும். பதில் ஒன்றிரண்டு மில்லிசெகண்டில் சீராக வந்தால் வைஃபை நன்றாக இருக்கிறது, வெளி லைனில்தான் கோளாறு. நூற்றுக்கணக்கில் தாவினாலோ நடுநடுவே டைம்ட் அவுட் என்று வந்தாலோ கோளாறு வீட்டுக்குள்.

கோடு முழுசாக இருந்தும் ஏன் இப்படி? கோடு காட்டுவது ரௌட்டரின் குரல் உங்களுக்கு எப்படிக் கேட்கிறது என்பதை மட்டும்தான். மேடையில் மைக் பிடித்துப் பேசுகிறவர் சொல்வது கடைசி வரிசைக்குக் கேட்கும். அந்த வரிசையிலிருந்து ஒருவர் கேட்கும் கேள்வி மேடைக்குக் கேட்காது. லேப்டாப் கடைசி வரிசையில் இருக்கிறது. அதனால்தான் வீடியோ காலில் நீங்கள் அவர்களைப் பார்க்கிறீர்கள், அவர்களுக்கு உங்கள் முகம் உறைந்து நிற்கிறது. இதற்கு அதிகச் சக்தியுள்ள ரௌட்டர் வாங்கிப் பயனில்லை. ரௌட்டர் பக்கத்தில் வர வேண்டும், இல்லையென்றால் லேப்டாப்புக்கு நல்ல ஆன்டெனா வேண்டும்.

## அறிகுறி: 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் லேப்டாப்பில் தெரியவே இல்லை

போனில் தெரிந்து லேப்டாப்பில் தெரியவில்லை என்றால், கார்டு 2.4 மட்டும் பிடிப்பதாக இருக்கலாம். டிவைஸ் மேனேஜரில் கார்டின் பெயரைப் பார்த்துத் தேடினால் தெரிந்துவிடும். அப்படியென்றால் எந்த அமைப்பை மாற்றியும் பயனில்லை, முன்னே சொன்ன யூஎஸ்பி அடாப்டர்தான் வழி.

கார்டு 5 பிடிக்கும், ஆனாலும் பெயர் வந்து வந்து போகிறது என்றால் ரௌட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் சேனலைப் பாருங்கள். 52 முதல் 144 வரை உள்ள சேனல்கள் ரேடார்களோடு பங்கிட்டவை. ரேடார் இருப்பதாகச் சந்தேகம் வந்தால் ரௌட்டர் உடனே அந்தச் சேனலைக் காலி செய்யும். சில கார்டுகள் அந்தச் சேனல்கள் பக்கமே போகாது. 36 முதல் 48க்குள் ஒன்றை நிரந்தரமாக வையுங்கள். 2.4 பெயரே தெரியாவிட்டால், ரௌட்டர் 12 அல்லது 13ஆம் சேனலில் இருக்கிறதா பாருங்கள். அமெரிக்காவில் 11 வரைதான் பயன்படுத்துகிறார்கள் என்பதால், அங்கிருந்து மகன் வாங்கி அனுப்பிய லேப்டாப்புக்கு அவை தெரியாமல் போகலாம்.

புதிதாக வைஃபை 6 ரௌட்டர் வந்த நாளிலிருந்து பெயரே காணோம் என்றால் பழைய கார்டின் டிரைவரை அப்டேட் செய்யுங்கள்.

## அறிகுறி: சில நேரத்தில் மட்டும் அறுந்துபோகிறது

எப்போது என்பதை இரண்டு நாள் குறித்துவையுங்கள். விடை பெரும்பாலும் அதிலேயே இருக்கும். மைக்ரோவேவ் ஓடும்போது என்றால், அது 2.45 கிகாஹெர்ட்ஸில் வேலை செய்வது. லேப்டாப்பை 5க்கு மாற்றினால் தீர்ந்தது. புளூடூத் ஹெட்போன் போட்டால் என்றாலும் அதே மருந்து. இரவு எட்டு மணிக்கு மேல் என்றால் அக்கம்பக்கத்து நெரிசல், சேனல் மாற்றுங்கள். கரன்ட் போய் வரும்போதெல்லாம் என்றால் ரௌட்டருக்கு ஒரு மினி யூபிஎஸ் போடுங்கள். வாங்கும்போது ரௌட்டர் அடாப்டரில் எழுதியுள்ள வோல்ட்டும் ஆம்பியரும் ஒத்துப்போக வேண்டும். நேரம் காலமில்லாமல் ரௌட்டரின் எல்லா விளக்கும் அணைந்து எரிகிறது என்றால் கரன்ட் அடாப்டர் நொந்துவிட்டது. புது அடாப்டர் சில நூறு ரூபாய், அதற்காக ரௌட்டரை மாற்ற வேண்டாம்.

## அறிகுறி: ரிப்பீட்டர் போட்ட பிறகு இன்னும் மோசம்

ரிப்பீட்டரைச் சிக்னல் இல்லாத அறையிலேயே மாட்டியிருப்பீர்கள். தனக்கே கிடைக்காத சிக்னலை அது எப்படிப் பெருக்கும்? அது பெறும் இடத்தில் மைனஸ் 65 சுமாராவது இருக்க வேண்டும். ரௌட்டருக்கும் அறைக்கும் நடுவழியில், முடிந்தால் இரண்டு பக்கமும் கதவு தெரியும் இடத்தில், மாட்டுங்கள்.

அப்படியும் வேகம் பாதிதான் வரும். ஒரே அலைவரிசையில் கேட்டு அதிலேயே திருப்பிச் சொல்லும் ரிப்பீட்டரின் குணம் அது, கோளாறு அல்ல. இரண்டு அலைவரிசை உள்ளதென்றால் ரௌட்டரோடு 5இலும் லேப்டாப்போடு 2.4இலும் பேசும்படி அமைத்துப் பாருங்கள். ரிப்பீட்டரில் லேன் துளை இருந்தால் அதிலிருந்து லேப்டாப்புக்கு ஒரு சின்னக் கேபிள் போடுவது இன்னும் மேல்.

கடையில் பூஸ்டர் என்று கேட்டால் சில இடங்களில் மொபைல் சிக்னல் பூஸ்டரை எடுத்துக் கொடுப்பார்கள். அது வைஃபைக்கு உதவாது. உரிமம் இல்லாமல் அதை வைத்திருப்பதே இந்தியாவில் சட்டப்படி குற்றம்.

## அறிகுறி: மொட்டைமாடி அறைக்கோ எதிர்க் கட்டடத்துக்கோ எட்டவில்லை

கூரையின் கான்கிரீட்டுக்குள் கம்பி பின்னிக் கிடக்கிறது. அதை வைஃபையால் துளைக்க வைக்கப் பணம் செலவழிக்காதீர்கள். படிக்கட்டு இருக்கும் பக்கம் ரௌட்டரைக் கொண்டுவந்தால் படி வழியாகக் கொஞ்சம் ஏறும். அதற்கு மேல் வேண்டுமென்றால் வெளிச்சுவரோடு வெயில் தாங்கும் உறையுள்ள லேன் கேபிளை இறக்கி, மாடியில் இரண்டாவது ரௌட்டர். சாதாரணக் கேபிளின் உறை வெயிலில் சில வருடத்தில் வெடித்துவிடும். இடி மின்னல் சமயத்தில் அந்தக் கேபிளைப் பிடுங்கிவையுங்கள்.

தெருவுக்கு எதிரே உள்ள கடை, தோப்பில் உள்ள மோட்டார் ரூம் என்றால் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒயரில்லாமல் நெட்டைக் கடத்த, வெளியில் மாட்டும் வயர்லெஸ் பிரிட்ஜ் ஜோடி வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று நேராகப் பார்க்க வேண்டும். நடுவில் தென்னை ஓலை ஆடினாலும் சிக்னலும் ஆடும். கம்பம் நட்டு, எர்த் போட்டு, திசை பார்த்துப் பூட்டுகிற வேலை இது. சிசிடிவி மாட்டுகிறவர்களில் பலருக்கு இது பழக்கம், அவர்களைக் கூப்பிடுங்கள். பணம் கொடுக்கும் முன் உங்கள் லேப்டாப்பை அந்த முனையில் வைத்து, கீழே இருக்கும் ரௌட்டரின் முகவரிக்குப் பத்து நிமிடம் பிங் ஓடவிட்டுப் பாருங்கள்.